செவ்வாயில் ஒரு தார்பாய்

எனக்குப் பிடித்த அறிவியல் புனைவுப் படம் 2015இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'தி மார்ஷியன்'. ராக்கெட், செவ்வாய் எல்லாம் அப்புறம்தான். அதில் வரும் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுக்காகவே அந்தப் படம் எனக்குப் பிடிக்கும்.

புயலில் அடிபட்டுச் செத்துவிட்டான் என்று நினைத்து, மார்க் வாட்னியைச் செவ்வாயிலேயே விட்டுவிட்டு மற்ற ஐந்து பேரும் கிளம்பிவிடுவார்கள். அவன் தாவரவியல் படித்தவன். கூடாரத்துக்குள் செவ்வாய் மண்ணை அள்ளிக் கொட்டி, சேர்த்து வைத்திருந்த மனிதக் கழிவையே எருவாகப் போட்டு, உருளைக்கிழங்கு நடுவான். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசினிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து எரித்துத் தண்ணீர் உண்டாக்குவான். பயிர் நன்றாக வரும் நேரத்தில் ஒருநாள் கூடாரத்தின் வாசல் பகுதி வெடித்துப் பிய்ந்துபோகும். அத்தனை செடியும் குளிரில் உறைந்து செத்துவிடும்.

அந்த ஓட்டையை பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் போட்டு அடைப்பான். ராத்திரி வெளியே பேய்க்காற்று. ஷீட் உப்பி உப்பி அடங்கும், படபடவென்று அடிக்கும். அவன் உள்ளே உட்கார்ந்து மிச்சமிருக்கும் கிழங்கை எண்ணிக்கொண்டிருப்பான்.

சேலத்தில் தியேட்டரில் அந்தக் காட்சி வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் வளர்ந்தது ஏற்காட்டில், காபி எஸ்டேட் லைன் வீட்டில். ஐப்பசி மழைக்கு முன்னால் அப்பா கூரைமேல் நீலத் தார்பாயை விரித்து, மூலைக்கு மூலை கல் வைத்துக் கயிறு கட்டுவார். காற்றடிக்கும் ராத்திரியில் தார்பாய் அதே மாதிரி உப்பி அடங்கும். எஸ்டேட்டில் வேலை இல்லாத மழை நாட்களில் அம்மா அரிசி டப்பாவைச் சாய்த்து, இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று உழக்கால் அளந்து பார்ப்பார். தகரத்தில் உழக்கு உரசுகிற சத்தம் தியேட்டரில் என் காதில் கேட்டது.

'இன்டர்ஸ்டெல்லார்' படமும் பிடிக்கும். ஒரு மணி நேரம் ஏழு வருடமாகக் கழியும் கிரகத்திலிருந்து திரும்பிய தகப்பன், 23 வருடமாகப் பிள்ளைகள் அனுப்பிய செய்திகளைப் பார்க்கும் இடத்தில் அழுதுவிட்டேன். ஆனால் கருந்துளைக்குள் போனதும் கதை என்னை விட்டு எங்கோ போய்விட்டது. எனக்குக் கையால் செய்கிற வேலை தெரிய வேண்டும்.

அப்படிப் பார்த்தால் நம்ம ஊர் 'காடு' படத்தையும் சொல்லியாக வேண்டும். ஏற்காடு ரோட்டில் இன்றும் வளைவு நிற்கிறதே, அந்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ 1952இல் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்தது. எப்போதோ அழிந்துபோன மாமூத் யானைகள் காட்டில் திரிவதுதான் கதை. கிராஃபிக்ஸ் ஏது? நிஜ யானைகளுக்கே சடை சடையாக ரோமம் போர்த்தி நடக்கவிட்டார்கள். அதைச் சிறுமியாகப் பார்த்த எங்கள் அம்மாச்சி, 'சடை யானைப் படம்' என்றுதான் கடைசிவரை சொல்வார்.

போன தீபாவளிக்கு மலைக்குப் போனபோது, அப்பாவுக்கு 'தி மார்ஷியன்' போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் புரியாது, நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஷீட் அடித்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. அவன் கிழங்கை எண்ண ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பி, "ஏண்டா, வெதைக்கு எடுத்து வெச்சானா?" என்றார்.