புதுப்பிப்பு: ஸ்டியரிங் கனத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் எழுதியிருந்தேன்: மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும்போது காரின் ஸ்டியரிங் திடீரென்று கல்லாய்க் கனத்தது, ஈ.பி.எஸ். (மின்சார பவர் ஸ்டியரிங்) எச்சரிக்கை விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் யூ0131 என்ற பிழைக் குறியீடு வந்தது. ஸ்டியரிங் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, மாற்றவில்லை.

கேன் வயரை, அதாவது காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர் ஜோடியைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனரை மாட்டும் இடம்) அந்த வயர்கள் வரும் 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தோம்: 60 ஓம். வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் பக்க இணைப்பில் இருப்பதால் சேர்த்து அளந்தால் பாதிதான் வரும்; ஆக அது சரியான அளவுதான், கோளாறு அங்கே இல்லை.

அப்புறம் பேட்டரியை மாட்டி, பெட்டிக்கு வரும் பிளக்கில் பவரையும் எர்த்தையும் பார்த்தோம். 12 வோல்ட். நான் மட்டும் இருந்திருந்தால் அங்கேயே ஏமாந்திருப்பேன். கரண்ட் ஓடாதபோது மோசமான இணைப்பிலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும் என்பதால், மெக்கானிக் அண்ணன் அதில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினார். மங்கலாக எரிந்தது, மீட்டர் 7க்கு இறங்கியது. பிளக்கின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே கிட்டத்தட்ட 5 வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தது. எர்த் போல்ட்டில் அவ்வளவு துரு! ஐப்பசியில் வயல் தண்ணீர் ரோட்டில் ஏறி நின்ற நாட்களில் ஓட்டினேன், அதுதான் வேலையைக் காட்டியிருக்கிறது.

உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவி, ஸ்கேனரில் அந்தப் பிழைக் குறியீட்டை அழித்தோம். வேதாரண்யம் வரை போய்வந்தாயிற்று. விளக்கு திரும்ப வரவில்லை.