காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தால் அரசு தோள் கொடுக்க வேண்டுமா?

ஆற்றோரம்:
"இந்த ஆபத்தை எங்களால் கணக்கிட முடியாது" என்று காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுங்கும்போது அரசு அந்தச் சுமையை ஏற்கலாமா? ஏற்க வேண்டும் என்பதே என் கட்சி. 1921இல் பொருளியலாளர் பிராங்க் நைட் இரண்டு நிலைமைகளைப் பிரித்துக் காட்டினார். வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்தால் அது இடர். அதுவே தெரியாவிட்டால் நிச்சயமின்மை. ஆயுள் காப்பீடு முதல் வகை. 1693இலேயே எட்மண்ட் ஹாலி ஒரு நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று அட்டவணை போட்டுவிட்டார். பயங்கரவாதத்துக்கு அப்படி அட்டவணை போட முடியுமா? 2001 செப்டம்பர் 11 வரை அமெரிக்க வணிகப் பாலிசிகளில் அந்தச் சேதம் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லாமலே அடங்கியிருந்தது. அதன்பின் மறுகாப்பீட்டாளர்கள், அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருபவர்கள், விலகினார்கள். அவர்களை நம்பியிருந்த நிறுவனங்களும் விலகின. காப்பீடு இல்லாத கட்டடத்துக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? 2002 நவம்பரில் இழப்பில் அரசே பங்கேற்கும் சட்டம் வந்த பிறகுதான் அந்தச் சந்தை மீண்டது.

கணக்கன்:
மீண்டது, சரி. அந்தச் சட்டம் 2005 இறுதி வரைக்குமான தற்காலிக ஏற்பாடு என்றுதான் வந்தது. நீட்டித்து நீட்டித்து இப்போது 2027 வரை வந்து நிற்கிறது. அரசு முன்கூட்டி ஒரு காசு பிரீமியம் வாங்குவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் மறுகாப்பீட்டை யார் வேண்டாம் என்பார்கள்?

"கணக்கிட முடியாது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் "கணக்கிட்டால் வரும் விலையை வாடிக்கையாளர் கொடுக்க மாட்டார்" என்பதைத்தான் வேறு மாதிரி சொல்கிறார்கள். 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கியபோது சில காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. கடந்த சில ஆண்டுகளின் இழப்பைப் பார்த்தே விலை வைத்திருந்தார்கள். அதன்பின்தான் புயலின் பாதை, காற்றின் வேகம், கட்டடத்தின் வலிமை எல்லாவற்றையும் வைத்து ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் முறை பரவியது. பேரிடர்ப் பத்திரங்கள் வந்தன: பேரிடர் வராவிட்டால் முதலீட்டாளருக்கு நல்ல வட்டி, வந்தால் போட்ட முதலே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். நேற்றுவரை நிச்சயமின்மை என்று சொல்லப்பட்டது இன்று விலையோடு விற்கிறது.

ஆற்றோரம்:
புயலுக்குப் புத்தி கிடையாது. நீங்கள் எந்தக் கட்டடத்துக்குக் காவல் போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டடத்துக்கு அது போவதில்லை. மனிதர்கள் போவார்கள்.

எண் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கைதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிதியை நினைத்துப் பாருங்கள். அதன் பங்குதாரர்களில் இருவர் 1997இல் பொருளியல் நோபல் வாங்கியவர்கள். 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தரத் தவறியதும், ஒன்றோடொன்று தொடர்பில்லை என்று அவர்கள் கணக்கிட்டிருந்த முதலீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சரிந்தன. எல்லோரும் ஒரே வாசலை நோக்கி ஓடும்போது பழைய புள்ளிவிவரம் எதற்கு உதவும்?

கணக்கன்:
அந்த நிதியைக் காப்பாற்ற மத்திய வங்கி ஆட்களைக் கூட்டி உட்காரவைத்தது. 360 கோடி டாலர் போட்டவை 14 தனியார் நிறுவனங்கள். மக்கள் வரிப்பணம் போகவில்லை. உங்கள் உதாரணம் என் பக்கம் பேசுகிறது.

தேன்மொழி:
இருவரும் அளக்க முடியுமா முடியாதா என்பதிலேயே நிற்கிறீர்கள். அரசு எப்படி நுழைகிறது என்பதைப் பாருங்கள். பிரிட்டனில் 1993இல், குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, பூல் ரீ என்ற மறுகாப்பீட்டு அமைப்பைக் காப்பீட்டு நிறுவனங்களும் அரசும் சேர்ந்து தொடங்கின. உறுப்பினர்கள் பிரீமியம் கட்டுகிறார்கள், நிதி சேர்கிறது, அது தீர்ந்தால் மட்டுமே கருவூலம். சரியான எண் யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஏதோ ஒரு விலை இருக்கிறது.

மறுபக்கம், 1968இல் தொடங்கிய அமெரிக்க வெள்ளக் காப்பீடு. வெள்ளத்தை ஓரளவு அளக்கலாம், வரைபடமே இருக்கிறது. ஆனாலும் பல வீடுகளுக்கு ஆபத்துக்குக் குறைவான பிரீமியம். மூழ்கிய இடத்திலேயே மறுபடி கட்டி, மறுபடி இழப்பீடு வாங்கியவர்கள் உண்டு. 2017இல் அந்தத் திட்டத்தின் 1,600 கோடி டாலர் கடனை நாடாளுமன்றம் ரத்து செய்தது. அளக்க முடிந்த ஆபத்தில்தான் அரசு அதிகம் சொதப்பியிருக்கிறது!

கணக்கன்:
இதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விலை ஒரு எச்சரிக்கை மணி, அதன் நாக்கை அரசு பிடுங்கிவிடுகிறது. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசிக்கு என்ன நடந்தது? வழக்கு வரும் என்று அஞ்சி, தயாரிப்பாளர்களுக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் மறுத்தன. ஆகஸ்டில் சட்டம் போட்டு அரசே பொறுப்பேற்றது. 4 கோடிப் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். கொள்ளைநோய் வரவேயில்லை; கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வந்ததாக ஆயிரக்கணக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் வந்தன. காப்பீட்டாளர்களின் பயத்தை யாராவது காதில் வாங்கினார்களா?

ஆற்றோரம்:
வராதது டிசம்பரில் தெரிந்தது. ஆகஸ்டில் யாருக்குத் தெரியும்? 1918இன் ஃப்ளூ கொள்ளைநோய் போன்ற ஒன்று வந்திருந்தால், காப்பீடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஊசிமருந்து கிடங்கில் கிடந்திருக்கும். அதையும் சந்தையின் எச்சரிக்கை என்றா சொல்வீர்கள்? தேன்மொழி சொல்லும் பூல் ரீ முறையை நான் ஏற்கிறேன், பிரீமியம் வாங்கட்டும். ஆனால் அதற்குச் சேர்ந்து நிதி திரட்ட ஆண்டுகள் வேண்டும். தடுப்பூசிக்கு இருந்தது சில மாதங்கள். அந்த ஆகஸ்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்களாக இருந்தால், பிரீமியம் என்ற கட்டத்தில் எந்தத் தொகையை எழுதியிருப்பீர்கள், கணக்கன்?