38 வயதில் கைப்பந்துக் குழுவில் சேர்வது: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வேலைக்காகக் கோயம்புத்தூருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும், குடியிருக்கும் தெருவில் ஒருவரைக்கூடப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழக்கமில்லை. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் விளக்குப் போட்டுக்கொண்டு கைப்பந்து ஆடுகிறார்கள். பட்டறையிலிருந்து கையில் எண்ணெய்க் கறையோடு நேரே வருபவரும் இருக்கிறார், அலுவலக அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு இறங்குபவரும் இருக்கிறார். ஒரு மாதமாக நான் வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வரை ஆடியதோடு சரி. இந்த வயதில் போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்களா, அல்லது நன்றாக நடக்கும் ஆட்டத்தைக் கெடுத்தவன் ஆகிவிடுவேனா என்பது முதல் தயக்கம். இன்னொன்றையும் கேட்க வேண்டும். சிறு தவறு செய்துவிட்டாலும் அன்று முழுவதும் அதையே நினைத்து மறுகும் குணம் எனக்கு உண்டு. குழுவாக ஆடினால் அது குறையுமா, கூடுமா?

பதில்: பின்வரிசை, மதுரை

நண்பரே, வயதைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். இந்த விளையாட்டு பிறந்ததே உங்கள் வயதினருக்காகத்தான். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் நடுவயது உறுப்பினர்களுக்குக் கடுமையாக இருப்பதைக் கண்டு, நடுவில் வலையைக் கட்டி இதை உருவாக்கினார்.

சேர்வதற்கு யாரிடமும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. அரை மணி நேரம் முன்னதாகப் போய் வலை கட்டும்போது ஒரு முனையைப் பிடியுங்கள். ஆட்டம் தொடங்கியதும் வெளியே ஓடும் பந்தை எடுத்துப் போடுங்கள். நான்கைந்து நாளில் ஒருநாள் யாராவது வராமல் போவார்கள், அன்று அவர்களாகவே உங்களைக் கூப்பிடுவார்கள். நான் 41 வயதில் அப்படித்தான் உள்ளே போனேன். முதல் இரண்டு மாதம் பின்வரிசையில் நின்று பந்து வாங்குவதை மட்டுமே கற்றேன். இரண்டு கைகளையும் ஒட்டி நீட்டி, மணிக்கட்டுக்கு மேலே பந்து படும்படி வாங்க வேண்டும். தொடக்கத்தில் அந்த இடம் சிவந்து தடித்துவிடும், சாப்பாட்டைப் பிசையக்கூடச் சிரமப்பட்டேன்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு நெருக்கமானது. கைப்பந்தில் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே கை உயர்த்தித் தடுக்கும்போது பட்டதைத் தவிர்த்து, ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொடவும் கூடாது. மூன்று தொடுதலுக்குள் பந்து வலையைத் தாண்டியாக வேண்டும். ஆகவே நீங்கள் கோணலாக வாங்கிய பந்தை நீங்களே திருத்த இயலாது, பக்கத்தில் இருப்பவர்தான் ஓடிப் போய்த் திருத்த வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உள்ளூர்ப் போட்டியில், ஆட்டம் 24-24 என்று நின்றபோது எனக்கு வந்த சர்வீஸ் கையில் பட்டுக் கோட்டுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தை நோக்கிப் பறந்தது. நாங்கள் அடிப்பதற்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் டீக்கடை அண்ணன் மரத்தடி வரை ஓடி, முதுகைக் காட்டியபடியே அதை உள்ளே தள்ளினார். ஆனாலும் அந்தப் புள்ளி போயிற்று. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுத்ததை உசரமா மட்டும் குடு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஆனால் அன்றிரவு நான் தூங்கினேன். முன்பெல்லாம் அலுவலகத்தில் ஒரு கணக்குப் பிழைத்தாலே விடிய விடிய விழித்துக் கிடந்தவன் நான்.

பழக்கமும் பேச்சினால் வளர்வதைவிட இப்படி வளர்வதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். ஆறு பேரில் ஒருவர் வரவில்லை என்றால் அது உடனே தெரிந்துவிடும். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்திருந்தபோது எனக்கு முதலில் வந்த தொலைபேசி அழைப்பு மைதானத்திலிருந்துதான்.

பதில்: கரப்பந்துக்காரன், யாழ்ப்பாணம்

எங்கள் பக்கத்தில் இதைக் கரப்பந்தாட்டம் என்போம். 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டும் இதுவே. ஆவரங்கால் போன்ற ஊர்களின் பெயரைச் சொன்னாலே பலருக்கும் கரப்பந்துதான் நினைவுக்கு வரும். ஓவர் கேம், செற்றப் கேம் என்று எங்கள் ஊர்களில் ஆடும் இரு வகையிலும் போட்டிகள் நடக்கும். பெரும்பாலும் சனசமூக நிலையமும் மைதானமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், பத்திரிகை வாசிக்க வந்த முதியவர்களும் ஆட்டம் பார்க்க நின்றுவிடுவார்கள்.

போரினால் ஊரை விட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வுக்குப் பின், மறு வருடம் ஊர் திரும்பியபோது எனக்கு 13 வயது. பல வீடுகளுக்குக் கூரை இல்லை. அப்படியிருந்தும் அண்ணன்மார் இரண்டு பனங்குற்றிகளை நட்டு, பழைய மீன்வலையை மடித்துக் கட்டிவிட்டார்கள். யார் திரும்பி வந்துவிட்டார்கள், யார் இன்னும் வரவில்லை என்பதை நாங்கள் அறிந்துகொண்டது அந்த வலையடியில்தான்.

சிறுவர்களான எங்களுக்கு முதலில் ஆட இடம் தரமாட்டார்கள், கோட்டருகே நிற்க வைப்பார்கள். பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் பொறுப்பு எங்களுடையது. ஒருநாள் என் சொந்த அண்ணன் அடித்த பந்தை, எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, "வெளியே" என்று சொன்னேன். வீடு போகும்வரை அவர் என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் அவரே என்னை அழைத்து அதே கோட்டில் நிறுத்தினார். சபை நடுவே நிமிர்ந்து நின்று பேசுகின்ற துணிவு எனக்கு வந்தது அந்தக் கோட்டில் நின்றுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

பதில்: மாடிவீட்டு எறிபந்து, சென்னை

மேலே எழுதியவர்கள் இருவரும் ஆண்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். இருட்டிய பிறகு மைதானத்துக்குப் போய்வருவது பெண்களுக்கு அவ்வளவு எளிதாக அமைவதில்லை. எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து, வண்டி நிறுத்துமிடத்தில் காலை ஐந்தரை மணிக்கு எறிபந்து ஆடத் தொடங்கினோம். பந்தைப் பிடித்து மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும் என்பதால் தயங்கி நிற்க நேரமே கிடைக்காது. மின்தூக்கியில் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒருவர் வீட்டுச் சாவியை மற்றவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறோம்.

நொய்யல்கரை ஐயாவுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பந்தயப் பணம் வைத்து ஆடும் குழுவாகவோ, தவறுக்குக் கெட்ட வார்த்தையால் ஏசும் குழுவாகவோ இருந்தால் அங்கே நிற்காதீர்கள், வேறு மைதானம் தேடுங்கள். குதித்து இறங்கும் ஆட்டம் என்பதால், கணுக்காலையும் முழங்காலையும் பத்து நிமிடம் தளர்த்தாமல் இறங்கவும் வேண்டாம்.

மறுமொழி: நொய்யல்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஐந்தரைக்கே போனேன். வலைக்கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். பந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவனை இரண்டாவது ஆட்டத்தில் உள்ளே அழைத்துவிட்டார்கள். எட்டுப் பந்து வாங்கியதில் ஐந்து சுவருக்குப் போனது. யாரும் ஏசவில்லை, பட்டறைக்காரர் மட்டும் என் முழங்கையைப் பிடித்து நேராக்கிவிட்டார். கிளம்பும்போது, பந்துக்குக் காற்றடிப்பவர் நான்கு நாள் ஊருக்குப் போகிறார் என்று சொல்லி, பம்பையும் ஊசியையும் என் கையில் கொடுத்தனுப்பினார்கள். இன்று மாலை ஐந்தரைக்குள் நான் அங்கே இருக்க வேண்டும்.