பாதுகாப்பு அப்டேட்: இன்றே போடலாமா, பொறுக்கலாமா? அவசரம்

கணக்குப்பிள்ளை:
மூன்று நாட்களாக அப்டேட் கேட்டுக்கொண்டே இருக்கிறது. போன முறை போட்டதும் பிரிண்டர் படுத்துவிட்டது, இரண்டு நாள் வேலை கெட்டது. இப்போது மாதக் கடைசி. தள்ளிப்போட்டால் ஆபத்தா? சீக்கிரம் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
எந்த இயங்குதளம்? எத்தனை கணினிகள்? பேக்கப் இருக்கிறதா?

நிதானம்:
எதுவானாலும் ஒரு வாரம் பொறுங்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் அதன் விநியோகத்தை நிறுத்திவைத்தது. முந்திக்கொண்டவர்கள்தாம் அடிபட்டார்கள்.

பழைய விசைப்பலகை:
இதற்கு எத்தனை முறை எழுதுவது? தேடிப் படித்துவிட்டுக் கேளுங்கள். நிதானம் சொல்வது அப்போது அரையாண்டுக்கு ஒருமுறை வந்த பெரும் பதிப்பு. பாதுகாப்புத் திருத்தம் வேறு. திருத்தம் வெளியானதுமே பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, ஓட்டை எங்கே என்று தாக்குபவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வன்னாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டைக்குத் திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. தாக்குதல் மே 12.

நிதானம்:
இடையில் 59 நாள் இருந்ததே! நான் கேட்பது ஏழு நாள். 2024 ஜூலை 19 மறந்துவிட்டதா? ஒரு கோப்பு, சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி முடங்கின.

பழைய விசைப்பலகை:
அது விண்டோஸ் அப்டேட்டே அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தானாக இறங்கிய கோப்பு. அந்த மென்பொருளின் புதிய பதிப்புகளைத் தள்ளிப்போட்டு வைத்திருந்தவர்களுக்கும் இறங்கியது. உங்கள் பொறுமை அங்கே எதற்கு உதவியது?

இரவுப்பணி:
இருவரும் கேட்டவரை விட்டுவிட்டீர்கள். ஐயா, இந்த அப்டேட் அடைக்கும் ஓட்டையை யாரேனும் ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்துகிறார்களா என்று அறிவிப்பில் பாருங்கள். ஆம் என்றால் மாதக் கடைசியானாலும் இன்றே போடுங்கள். பிரவுசர் அப்டேட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். மற்றவற்றை ஒரே ஒரு கணினியில் போட்டு, அன்றாடம் அச்சிடும் ரசீதையே அச்சிட்டுப் பாருங்கள். பிரிண்டர் பயம் நியாயமானதுதான்: 2021இல் விண்டோஸின் அச்சுப் பகுதியில் இருந்த பிரிண்ட் நைட்மேர் என்ற ஓட்டையை அடைத்தபோது பல அலுவலகங்களில் அச்சு நின்றது. அதற்காகத் திருத்தத்தையே கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தால் கதவு திறந்தே கிடக்கும். பேக்கப் பற்றி இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
விண்டோஸ் 11, ஆறு கணினிகள். பேக்கப் இல்லை, இன்றிரவே எடுக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
பேக்கப் எடுத்துவிட்டு மூலைக் கணினியில் போட்டேன். முதல் ரசீது பாதியில் நின்றது. பிரிண்டரை அணைத்துப் போட்டதும் முழுதாக வந்தது. மற்ற ஐந்தும் நாளை. இரவுப்பணி, நன்றி.