ஆய்வு ஒருங்கிணைப்பாளர்களின் திறனை மதிப்பிடுவது எப்படி? வழிகாட்டல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மருத்துவ ஆய்வுப் பிரிவு ஒன்றில் ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஜிசிபி (GCP, மருத்துவ ஆய்வுகளை முறையாக நடத்துவதற்கான சர்வதேசத் தரநெறி) பாடத்தை முடித்துச் சான்றிதழ் பெற்றவரைத் தகுதியானவர் என்றே இதுவரை கருதிவந்தோம். ஆனால் அத்தகைய ஒருவரே ஒப்புதல் படிவத்தின் பழைய பதிப்பில் பங்கேற்பாளரிடம் கையொப்பம் வாங்கிவிட்டதைக் கண்ட பிறகு, சான்றிதழை மட்டும் நம்பும் துணிவு எனக்கு இல்லை.

அறிவியல் கருத்துகள், ஆய்வு வடிவமைப்பு தொடங்கித் தகவல் தொடர்பு, குழுப்பணி வரை திறன்களை எட்டுக் களங்களாகப் பிரிக்கும், 2014இல் வெளியான மருத்துவ ஆய்வுத் திறனுக்கான கூட்டுப் பணிக்குழுவின் (Joint Task Force for Clinical Trial Competency) சட்டகத்தைத் தழுவிப் பாடத்திட்டம் எழுதிவிட்டேன். மதிப்பீட்டில்தான் தடுமாறுகிறேன். விதிமுறை அறிவைத் தேர்வு வைத்து அளந்துவிடலாம். ஆனால் ஒப்புதல் பெறும் உரையாடலில், பங்கேற்பாளர் உண்மையிலேயே புரிந்துகொண்டாரா என்று ஒருங்கிணைப்பாளர் உறுதிசெய்துகொள்ளும் விதத்தை எப்படி அளப்பது? அருகில் ஒருவர் அமர்ந்து குறிப்பெடுத்தால் பங்கேற்பாளர் தயங்குவாரே! நடித்துக் காட்டும் பயிற்சியே போதுமா, அல்லது பங்கேற்பாளரின் அனுமதியுடன் நேரில் கவனிப்பது அவசியமா?

நீண்ட அனுபவமுள்ளவர்களை (அவர்களிடம் இந்தப் பேச்சை எடுப்பதே சங்கடம்) மனம் நோகாமல் மதிப்பிட்டவர்கள் இருந்தால், பயன்படுத்திய சரிபார்ப்புப் பட்டியலையும், எத்தனை முறை கவனித்த பிறகு ஒருவரைத் தனியே பணியாற்ற அனுமதித்தீர்கள் என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.