டீக்கடைப் பலகையில் ஆழ்கடல் ஸ்கோர்: இதில் ஜெயித்தது யார்?

மண்டபம் பி.டி. வாத்தியார்:

முப்பத்து நான்கு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கபடி ஆடுகளத்தின் ஓரத்தில் விசிலும் கையுமாக நின்றே தலை நரைத்தது. எங்கள் பக்கம் எந்தப் போட்டியில் தகராறு என்றாலும் இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் ஒரு பக்கம் கையை நீட்டிவிட்டு வந்துவிடுவேன். சென்ற வாரம் முதன்முறையாகக் கை எந்தப் பக்கமும் நீளவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பாம்பனில் நான் டீ குடிக்கும் கடையில் ஒரு கரும்பலகை உண்டு. மேட்ச் நாளில் ஸ்கோர், மற்ற நாளில் நண்டு விலை. பையன்கள் அதில் இப்படி எழுதிவைத்திருந்தார்கள்:

ஆழ்கடல்
அமெரிக்கா 10,916
சீனா 10,909
ஜப்பான் 6,527
இந்தியா 5,002

இந்தியாவுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் “பிரான்ஸ் வண்டியில்” என்று ஒரு குத்தல் வேறு. எல்லாம் மீட்டர் கணக்கு. எவனோ செல்போனில் தேடி எடுத்திருக்கிறான். பொய் என்று சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் நம்மவர்கள் இருவர் அட்லாண்டிக் கடலில் பிரான்சின் நோட்டில் என்ற நீர்மூழ்கியில் அடுத்தடுத்த நாள் இறங்கினார்கள். ராஜு ரமேஷ் 4,025 மீட்டர். மறுநாள், கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஜதீந்தர் பால் சிங் 5,002 மீட்டர். நம்முடைய சொந்தக் கலமான மத்ஸ்யா 6000-ஐ அந்த ஆண்டின் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குள் இறக்கிச் சோதித்துப் பார்த்தார்கள்.

ஒரு பொடியன் கேட்டான்: “சார், அவன் அடித்ததில் பாதிகூட நாம் அடிக்கவில்லையே, ஃபாலோ ஆன் தானா?” கிரிக்கெட்டில் மிகவும் பின்தங்கிய அணியை உடனே மறுபடி ஆடவைப்பதைச் சொல்கிறான். கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1996 மார்ச் 13 ஞாபகம் வந்துவிட்டது. கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி, கொல்கத்தா. இலங்கை 251. நாம் ஒரு விக்கெட்டுக்கு 98 என்று நிமிர்ந்து நின்று, 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தோம். மைதானத்தில் பாட்டில் பறந்தது, ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றிரவு எங்கள் தெருவில் ஒருவர் தன் வீட்டு டிவியின் மேல் செம்பை விட்டெறிந்தார். மறுநாள் காலையில் அதே மனிதர் கரையில் நின்றுகொண்டு, தலைமன்னாரில் இருக்கும் தன் அத்தை மகன் இந்நேரம் நம்மைக் கேலி பேசிக்கொண்டிருப்பான் என்றார். நம் கரையில் நாட்டுப் போட்டி என்பது எப்போதும் இப்படித்தான், பாதி வெறி, பாதி உறவு.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்த எண்களை இப்படி வரிசையாக எழுதலாமா? ஆழ்கடல் ஆராய்ச்சி என்பது நாட்டுக்கு நாடு ஆடும் ஆட்டம்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தலைப்புச் செய்தி வேண்டாம், விவரம் வேண்டும்.

ஏர்வாடி டெக்:

வணக்கம் சார். நான் ஆராய்ச்சிக் கப்பல்களில் டெக் வேலை பார்த்தவன். விஞ்ஞானி என்று நினைத்துவிடாதீர்கள், விஞ்ஞானிகளின் கருவிகளைக் கம்பியில் கட்டி இறக்கி ஏற்றியவன், அவ்வளவுதான்.

பலகையில் முதலில் இருக்கும் 10,916-ஐயே எடுத்துக்கொள்வோம். 1960 ஜனவரி 23 அன்று அமெரிக்கக் கடற்படையின் டிரியெஸ்ட் என்ற கலத்தில் ழாக் பிக்கார், டான் வால்ஷ் இருவரும் உலகிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடிக்குப் போனார்கள். மேலே வந்ததும் அறிவித்த எண் 11,521. கருவியின் கணக்கைத் திருத்திய பிறகு அது 10,916 ஆயிற்று. 10,911 என்று எழுதுகிறவர்களும் உண்டு. அறுநூறு மீட்டர் கடலிலேயே கரைந்துபோயிற்று! அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1957-இல், சோவியத் கப்பல் வித்யாஸ் மேலிருந்தே ஒலியை அனுப்பி 11,034 என்று அளந்திருந்தது.

ஒலி அங்கே கீழே போய்த் திரும்பிவரப் பதினான்கு பதினைந்து விநாடி ஆகும். நொடிக்கு 1,500 மீட்டர் என்று வாய்க்கணக்காகச் சொல்வோம். ஆனால் குளிர், உப்பு, அழுத்தம் மாற மாற ஒலியின் வேகமும் மாறும். நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினால் அந்த ஆழத்தில் நூறு மீட்டருக்கு மேல் பிசகிவிடும். 2010-இல் நவீனக் கருவிகளோடு அளந்ததை ஆராய்ந்து 10,984 என்று சொன்னவர்களும், கூட்டியோ குறைத்தோ 25 மீட்டர் என்று சேர்த்தே சொன்னார்கள். 2012-இல் ஜேம்ஸ் கேமரூன் 10,908. 2020 நவம்பரில் சீனாவின் ஃபென்தோவ்ஜே 10,909. இந்த ஒரு மீட்டருக்கு எந்த நடுவர் விரல் தூக்குவார்?

இன்னொன்று. ஜப்பானை 6,527-இல் உட்காரவைத்தது அநியாயம். அது ஷின்காய் 6500 என்ற ஆளேறும் கலம் 1989-இல் போன ஆழம். அவர்களுடைய ஆளில்லாக் கலம் கைக்கோ 1995-இலேயே மரியானா அடியைத் தொட்டுவிட்டது. ஆறாயிரம், ஆறாயிரத்து ஐந்நூறு என்று கலம் கட்டுகிறவர்கள் முடியாமல் அந்த எண்ணில் நிற்கவில்லை. உலகக் கடலடியில் மிகப் பெரும்பகுதி ஆறாயிரம் மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குக் கீழே இருப்பவை குறுகலான அகழிகள். வேலை இருக்கும் இடம் மேலேதான்.

தொண்டி ஓப்பனர்:

டெக் அண்ணே, விவரமெல்லாம் சரி. ஆனால் போட்டியே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். டிரியெஸ்டைக் கற்பனை செய்தவர் சுவிட்சர்லாந்துக்காரர் ஆகஸ்ட் பிக்கார். 1953-இல் இத்தாலியில் அது தண்ணீரில் இறங்கியது. மறு ஆண்டே பிரெஞ்சுக் கடற்படை தன்னுடைய கலத்தில் 4,050 மீட்டர் போனது. 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக் விட்டது. 1958-இல் அமெரிக்கக் கடற்படை டிரியெஸ்டைக் காசு கொடுத்து வாங்கியது. இதெல்லாம் அறிவுத் தாகத்தில் மட்டும் நடந்ததா? பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டினால்தான் நமக்கும் செங்கல் வாங்கத் தோன்றும். 2021-இல் நம் அரசு ஆழ்கடல் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, முந்தைய ஆண்டு சீனா போட்ட 10,909 யாருடைய கண்ணிலும் படவில்லை என்று நான் நம்பமாட்டேன். பையன்கள் எழுதியது சரி. ஃபாலோ ஆன் வாங்கிய நம் அணியே ஜெயித்திருக்கிறது, 2001-இல் அதே கொல்கத்தாவில்.

மண்டபம் பி.டி. வாத்தியார்:

தம்பி, 2001-ஐ இழுத்தால் என் வாய் அடைபடும் என்று தெரிந்தே இழுத்திருக்கிறீர்கள். நானும் போட்டிக்கு எதிரி இல்லை. நமக்கும் இலங்கைக்கும் நடுவே இருக்கும் பாக் நீரிணையையே பாருங்கள். 1954-இல் வல்வெட்டித்துறை நவரத்தினசாமி இந்தப் பக்கம் நீந்தி வந்தார். 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். புயல் அடித்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத, இடிந்த தனுஷ்கோடி. 1971-இல் இலங்கையின் ஆனந்தன் இந்தப் பக்கம் வந்து, திரும்பியும் நீந்திப் போனார். ஒருவரை ஒருவர் மிஞ்சியதுதான். ஆனால் அங்கே நீந்துவதே ஆட்டம், கரை ஏறினால் முடிந்தது. ஆழ்கடலில் அடியைத் தொட்டுவிட்டு வந்தால் போதுமா என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

கீழக்கரை சங்கு:

சார் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். என் வாப்பாவின் வாப்பா சங்கு குளித்தவர். ஒரு கல், அதில் துளை, துளையில் கயிறு. கயிற்றைக் கால்விரல்களுக்கு நடுவே கவ்விக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கல்லின் பாரத்திலேயே சரசரவென்று இறங்குவார்களாம். அடி தட்டியதும் காலை எடுத்துவிட வேண்டும். கல்லை மேலே நிற்கிறவர் இழுத்துக்கொள்வார். பாரமில்லாத ஆள் சங்கைப் பொறுக்கிக்கொண்டு தானாக மேலே வருவார்.

டிரியெஸ்ட் செய்ததும் இதே வேலைதான் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மிதப்பதற்கு மேலே 85,000 லிட்டர் பெட்ரோல், தண்ணீரைவிட லேசு என்பதால். இறங்குவதற்கு ஒன்பது டன் இரும்புக் குண்டுகள். அந்தக் குண்டுகளைப் பிடித்து நிறுத்தியது மின்காந்தம். கரண்ட் போனால் பிடி விட்டு, குண்டு கொட்டி, கலம் தானே மேலே வந்துவிடும். கால்விரலுக்குப் பதில் காந்தம். மூச்சடக்கி ஆழம் போகும் விளையாட்டிலும் கல்தான். இத்தாலியின் மயோர்க்காவும் பிரான்சின் மயோலும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, 1976-இல் மயோல் நூறு மீட்டரைத் தொட்டது பாரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கித்தான்.

ஆனால் கரைக்கு வந்ததும் எங்கள் ஆட்களிடம் எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) இறங்கினாய் என்று எவரும் கேட்டதில்லை. பையில் எத்தனை என்றுதான் கேட்பார்கள். அந்தக் கணக்கில் டிரியெஸ்டைப் பாருங்கள். இறங்க நான்கே முக்கால் மணி நேரம், ஏறக்குறைய ஆறாயிரம் பாகம். அடியில் இருந்தது இருபது நிமிடம். கலம் உட்கார்ந்ததும் சேறு புகை மாதிரிக் கிளம்பி ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. தட்டை மீன் ஒன்றைப் பார்த்ததாக பிக்கார் சொன்னார், மீன் தெரிந்தவர்கள் அதை நம்பவில்லை. பிறகு 52 ஆண்டுகள் எந்த மனிதனும் அங்கே போகவில்லை.

மாறாக 1977-இல் ஆல்வின் என்ற அமெரிக்கக் கலம் காலபகோஸ் பக்கம் சுமார் 2,500 மீட்டர்தான் இறங்கியது. அங்கே கடலடி வெடிப்பில் வெந்நீர் ஊற்று, அதைச் சுற்றி வெயிலே படாமல் வாழும் குழாய்ப்புழுவும் மட்டியும். சூரியன் இல்லாமலும் உயிர்க்கூட்டம் பிழைக்கும் என்பது அன்று தெரிந்தது. பலகையில் எழுதினால் ஆல்வின் கடைசி இடம்.

சின்னப்பாலம் பாசி:

ஆண்கள் எல்லாரும் ஆயிரக்கணக்கில் பேசுகிறீர்கள். நாங்கள் தீவுப் பக்கம் இரண்டு பாகத்தில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவர்கள். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு நாளில் எத்தனை தடவை மூச்சடக்கி இறங்குகிறோம் என்று எண்ணியதே இல்லை. பலகையில் எங்களுக்கும் ஒரு வரி போடச் சொல்லுங்கள் வாத்தியாரே.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு ஆட்கள் கடலில் எல்லைக் கோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவ்வளவு ஆழத்தில் கோடு போட்டது யார்?

ஏர்வாடி டெக்:

நல்ல கேள்வி அக்கா. எந்த நாட்டுக்கும் சேராத கடலடியை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று 1982 கடல் சட்டம் சொல்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அதற்கென்று ஓர் ஆணையம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் நடுவே 75,000 சதுர கிலோமீட்டர் நமக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, 2002-இல் ஒப்பந்தம். அங்கே கடலடியில் உருளைக்கிழங்கு மாதிரி உருண்டைகள் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் உள்ளவை. மத்ஸ்யாவுக்கு 6,000 என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அந்த ஆழத்தில் உங்கள் நகம் அளவு இடத்தின் மேல் அறுநூறு கிலோ அழுத்தும். மத்ஸ்யாவில் மூவர் உட்காரும் உருண்டை அறையை 80 மில்லிமீட்டர் கனத்தில் டைட்டானியத்தில் செய்வது அதற்காகத்தான்.

2007-இல் ரஷ்யர்கள் வடதுருவத்தில் 4,261 மீட்டர் இறங்கி டைட்டானியக் கொடி நட்டார்கள். அதனால் ஒரு சாண் இடம்கூட அவர்களுக்குச் சேரவில்லை. ஆனால் ஓப்பனர் தம்பி சொன்னதையும் தள்ள முடியாது. இந்தியப் பெருங்கடலை ஆராய 1960-ஐ ஒட்டி ஐந்தாறு ஆண்டுகள் நடந்த பன்னாட்டுப் பயணத்தில் அமெரிக்கக் கப்பலும் வந்தது, அதே வித்யாஸும் வந்தது. வெளியே பனிப்போர், கடலில் ஒரே பட்டியல். அந்த முயற்சியின் பலனாகத்தான் 1966-இல் நம் தேசியக் கடலியல் கழகம் பிறந்தது.

மண்டபம் பி.டி. வாத்தியார்:

நேற்று சாயங்காலம் சாக்பீஸை நானே வாங்கினேன். எண்களை அழிக்கவில்லை. பக்கத்தில் “கொண்டுவந்தது” என்று ஒரு பத்தி மட்டும் சேர்த்தேன். அமெரிக்கா 10,916-க்கு நேரே பையன்களே “புழுதி” என்று எழுதினார்கள். கீழே அமெரிக்கா 2,500 என்று இன்னொரு வரி, “வெந்நீர் ஊற்று”. இந்தியா 5,002-க்கு நேரே என்ன எழுதுவது என்று சண்டை வந்தது. அனுபவம் என்றான் ஒருவன். அது சங்கா மீனா என்று கேட்டான் மற்றவன். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. கடைசியில் சின்னப்பாலம், 2 பாகம், பாசி. எத்தனை கிலோ என்று அம்மா எழுதினால் சேர்த்துவிடுகிறேன்.

நாளைக்கு மேட்ச் இருப்பதால் பலகையை அழிக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். இப்போதே ஓரத்தில் நண்டு விலையை எழுதிக்கொண்டார். கீழக்கரைத் தம்பி, அந்தக் கல் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதா? தூக்கிப் பார்க்க வேண்டும் என்று பையன்கள் பிடுங்குகிறார்கள்.

கீழக்கரை சங்கு:

இருக்கிறது சார். கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது. வேறு கல் தேடி வைத்துவிட்டு எடுத்துப் போ என்கிறார் உம்மா. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.