பாந்தியன் குவிமாடத்தில் கம்பியே இல்லையா?

நள்ளிரவு வாசகன்:
ரோம் நகரத்துப் பழைய கோயிலான பாந்தியன் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்கு மேல், முழுக்கக் கான்கிரீட், உள்ளே ஒரு முழம் கம்பிகூடக் கிடையாதாம். 1,900 வருஷமாக நிற்கிறது. "அந்தக் கலவையின் ரகசியம் தொலைந்துவிட்டது, இன்றைய சிமெண்ட் அதன் கால்தூசு பெறாது" என்று முடிக்கிறார்கள். நிஜமா? கட்டட வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காரன்:
ரகசியமெல்லாம் இல்லை. நேப்பிள்ஸ் பக்கம் கிடைக்கும் எரிமலைச் சாம்பல்தான். கடலுக்குள் கட்டுவதற்குச் சாம்பல் 2 பங்கு, சுண்ணாம்பு 1 பங்கு என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். இது தண்ணீருக்குள்ளேயே இறுகும்.

பழைய மேஸ்திரி:
முப்பது வருஷம் கான்கிரீட்டோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தம்பி, கலவையைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். நசுக்குவிசை தாங்குவதில் நம் சாதாரணக் கான்கிரீட்டே அதைவிடப் பலமானது. ஜல்லியைப் பாருங்கள்!

கீழே அடித்தளத்தில் டிராவர்டைன் என்ற கனத்த கல்லைப் போட்டிருக்கிறார்கள். மேலே ஏற ஏறக் கல் லேசாகிக்கொண்டே போகிறது: எரிமலைப் பாறைத் துண்டு, உடைந்த செங்கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல். கூரையின் கனமும் அடியில் 6 மீட்டர் அளவில் தொடங்கி, உச்சித் திறப்பை நெருங்கும்போது 1.2 மீட்டராகக் குறைகிறது. உள்பக்கம் வரிக்கு 28 வீதம் 5 வரிசைக் குழிப்பெட்டிகள், அதாவது கூரையில் உள்வாங்கிய சதுரப் பள்ளங்கள். பார்க்க அழகு என்பார்கள், எனக்கு அது மிச்சம் பிடித்த எடையாகத்தான் தெரியும்.

இன்னொன்று. குவிமாடத்தின் கீழ்ப்பாதியில் நெடுக்காக விரிசல்கள் உண்டு. காணொளிக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். கீழ்ப்பாதி வெளியே விரியப் பார்க்கும். இன்றைக்கு நாம் அங்கே சுற்றிலும் கம்பி வளையம் போட்டிருப்போம். அவர்களிடம் அது இல்லை, விரிசல் விட்டது. ஆனாலும் விழவில்லை, ஏனென்றால் பிளந்த பிறகு அது வட்டமாக நிறுத்திய வளைவுகளைப் போல ஒன்றையொன்று முட்டி நிற்கிறது. அந்தத் தள்ளுதலைத் தாங்கத்தான் கீழே 6 மீட்டர் கனச் சுவர்.

கம்பி இல்லாததில் ஒரு லாபமும் உண்டு: துருப்பிடிக்க எதுவுமில்லை. நம் கட்டடங்கள் பாதி சாவது உள்ளே இருக்கும் கம்பி துருவேறி ஊதிக் கான்கிரீட்டை உடைப்பதால்தான்.

சுண்ணாம்புக்காரன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலவையை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள் ஐயா. ரோமானியக் காரையில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் கிடக்கும். சரியாகக் கலக்காத வேலை என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். நீற்றாத சுண்ணாம்பைச் சூடாகவே கலந்ததால் வந்தவை அவை, விரிசலில் தண்ணீர் இறங்கினால் கரைந்து திரும்ப அடைக்கின்றன என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது.

பழைய மேஸ்திரி:
நானே ஒருமுறை அந்தக் கட்டிகளைப் பார்த்து "கலவை போட்டவன் தூங்கிவிட்டான்" என்று சொல்லியிருக்கிறேன். வாபஸ்.

நள்ளிரவு வாசகன்:
இரண்டு பேருக்கும் நன்றி. முகப்பில் "மார்க்கஸ் அக்ரிப்பா கட்டினார்" என்று எழுதியிருக்கிறதே, அவர் கி.மு. ஆள் அல்லவா? அப்புறம், உச்சியில் 8 மீட்டருக்கு மேல் திறந்தே கிடக்கிறதே, மழை?

பழைய மேஸ்திரி:
அக்ரிப்பா கட்டியது எரிந்துபோனது. இப்போது நிற்பது கி.பி. 125 வாக்கில் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முடிந்தது. பழைய பெயரையே பொறித்துவிட்டார், தன் பெயரைப் போடவில்லை. சுவர்ச் செங்கல்லில் இருந்த முத்திரைகளை வைத்துத்தான் காலத்தைப் பிடித்தார்கள்.

மழை நேராக உள்ளேதான் விழும். நான் போன அன்றும் பெய்தது. நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள், எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், நான் குனிந்து தரையைப் பார்த்தேன். தளம் நடுவில் லேசாக மேடு. பளிங்கில் சின்னச் சின்னத் துளைகள், தண்ணீர் அதன் வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.